கையில் பன்னிரண்டு எண்கள்

இறந்துபோன மனிதரின் இடது கையில் யாரோ ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதியிருந்தார்கள்.

ஜெயச்சந்திரன் புகைப்படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு எண்கள். கறுப்பு மார்க்கர் பேனா. ஒவ்வொரு எண்ணும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தது. அவசரமில்லாத கை.

"அட்டைப்பெட்டிக்கு நம்பர் போட்ட மாதிரி இருக்கு சார். லோடு ஏத்துறதுதான் பாக்கி" என்றாள் பத்திரகாளி.

அவர் சிரிக்கவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசு லேபிள்களுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டு வருடத்துக்கு முன் இவரிடம் உதவியாளராக வந்தாள். அங்கே இயந்திரச் சத்தத்தில் காது அடைத்தது, இங்கே சார் பேசாமல் இருப்பதில் அடைக்கிறது என்பாள்.

ஜெயச்சந்திரன் இருபது வருடம் தீ விபத்துகளை ஆராய்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதியவர். ஒருநாள் எழுத முடியாமல் போய், வேலையை விட்டார். இப்போது விருதுநகரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம். ஒரு மேஜை, நான்கு நாற்காலி.

எதிர் நாற்காலியில் நசிமா உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்த முகம். அவளுடன் வந்த சோலைமலை உட்காராமல் நின்றார். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். ஐம்பது வயது, வெள்ளை முழுக்கைச் சட்டை.

"மொதல்ல இருந்து சொல்லும்மா" என்றார் ஜெயச்சந்திரன்.

நசிமா சொன்னாள்.

எம். புதுப்பட்டியில் வடக்குக் கம்பெனி என்று எல்லாரும் சொல்லும் பட்டாசு ஆலைக்கு எதிரே அவள் கணவன் ஆசிக்கின் எண்ணெய் பரோட்டாக் கடை. மாலை நான்கு மணிக்கு மேல்தான் அடுப்புப் பற்ற வைப்பார்கள். போன சனிக்கிழமை மட்டும் பகலிலேயே முப்பது பேருக்கு ஆர்டர். தீபாவளி லோடு கிளம்பிய சந்தோஷத்துக்கு சோலைமலையின் விருந்து. தினமும் ராத்திரி அங்கே ஆறு பரோட்டா தின்னும் ஆலை போர்மேன் கண்ணுச்சாமியும் சாப்பிட்டார். சிறிது நேரத்தில் கடையிலிருந்த ஒரு ரூபாய் காசு போடும் போன் அடித்தது. ஆசிக் எடுத்தான். தெற்குக் கம்பெனியில் தீ என்றது ஒரு குரல். ஆசிக் வெளியே ஓடிவந்து கத்தினான். எல்லாரும் ஓடினார்கள்.

தெற்குக் கம்பெனி ஒரு கிலோமீட்டர் தள்ளி, காட்டுப் பாதையில் இருந்தது. கண்ணுச்சாமியின் மனைவி மூக்கம்மாளுக்கு அங்கேதான் வேலை. கண்ணுச்சாமி அதன் வாசல் வரைக்கும் ஓடி, அங்கேயே விழுந்தார். முகம் வீங்கியிருந்தது. உடம்பு முழுக்கத் தடிப்பு. வேன் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"அங்க தீயே இல்ல சார். எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காக" என்றாள் நசிமா.

"போலீஸ் என்ன சொல்லுது?"

"எங்க வீட்டுக்காரருதான் தட்டுல வெசம் வச்சாகளாம். கூட்டத்தக் கலைக்கத் தீன்னு கத்துனாகளாம். போன் வந்ததே பொய்யாம்."

சோலைமலை தொண்டையைச் செருமினார். "பத்து நாளைக்கு முன்னாடி ஒரு தகராறு சார். பட்டாசு கம்பெனிக்கு எதிர்ல அடுப்பு இருக்கக் கூடாது, தள்ளி வைக்கலைன்னா தாசில்தாருக்கு எழுதிப் போடுவேன்னு கண்ணுச்சாமி சத்தம் போட்டான். ஆசிக்கும் பதிலுக்குப் பேசிட்டான். ஊரே பாத்துச்சு."

"வயித்துல என்ன இருந்துச்சுன்னு ரிப்போர்ட்?"

"மதுரையிலேர்ந்து வர மூணு வாரம் ஆகுமாம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட்டு முன்னாடி நிறுத்தப் போறாக. நானே வக்கீல் புடிச்சுக் குடுத்தேன். கோவத்துல செஞ்சுட்டேன்னு ஒத்துக்கிட்டா தண்டனையக் கொறைக்கலாம்ங்கறாரு. இந்தப் புள்ள கேக்க மாட்டேங்குது."

"செய்யாதத எதுக்குண்ணே ஒத்துக்கணும்?" நசிமாவின் குரல் உயரவில்லை. "உள்ள போனவுகள நான் எப்படிண்ணே வெளிய கொண்டாருவேன்?"

ஜெயச்சந்திரன் மறுபடி படத்தைப் பார்த்தார். "இந்த எண்கள் என்னன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரா?"

"கம்பெனியில பன்னெண்டு ரூம் இருக்கு, அந்த நம்பரா இருக்கும்னாரு" என்றார் சோலைமலை.

"ரூம் நம்பர மறந்துபோற போர்மேனா?" என்றாள் பத்திரகாளி. "அப்ப எங்க சார் வீட்டு நம்பர எழுதிக்கிட்டு அலையணும்."

"கண்ணுச்சாமிக்கு நோய் நொடி ஏதாவது இருந்துச்சா?"

"இரும்பு சார் அவன். ஆஸ்பத்திரி எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது."

ஜெயச்சந்திரன் தலையசைத்தார். கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்தார்கள். சோலைமலை இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு அவர் என்ன செஞ்சாரும்மா?"

நசிமா யோசித்தாள். "உக்காந்திருந்தாக. வேப்பமரத்தடியில. மத்தவுக கபடி ஆடப் போனாக. இவுகளையும் கூப்புட்டாக. 'நாலு மணி வரைக்கும் இங்கனதான். எந்திரிச்சா எனக்குத் திட்டு விழும்'னு சிரிச்சாக."

"யாரு திட்டுவாங்க?"

"அது தெரியலையே சார்."

"நீங்க ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போங்க. நான் நாலு மணிக்குள்ள வந்துர்றேன்."

அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓயும் வரை பத்திரகாளி காத்திருந்தாள்.

"சார், இந்த நம்பரு கை எனக்குத் தெரியும். எங்க அத்தை மக கருப்பம்மா மிளகா வத்தல் மண்டியில காம்பு கிள்ளுறா. போன மாசம் இதே மாதிரி கையோட வந்தா. ரேஷன் கடை வரிசையாடின்னு கேட்டேன். தும்மலுக்கு டாக்டரம்மா ஊசியால குத்திப் பாத்தாகன்னா."

"இத அவங்க இருக்கும்போதே ஏன் சொல்லல?"

"நீங்கதான சார் சொல்வீங்க, வாய் இருக்கேன்னு எல்லா இடத்துலயும் தெறக்கக் கூடாதுன்னு. வருஷத்துல ஒரு தடவையாவது கேக்கணும்ல."

*

மண்டிக்குள் நுழைந்ததும் பத்திரகாளி தும்ம ஆரம்பித்தாள். மாடிப்படி முடிவதற்குள் ஒன்பது தும்மல். தளம் முழுக்கச் சிவப்பாக வத்தல் குவிந்து கிடந்தது. அதன் நெடி படியேறி, மாடி அறையின் ஈரத்துணி கட்டிய கதவில் நின்றுவிட்டது.

டாக்டர் தஹ்மீனாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மண்டி அவள் அப்பாவுடையது. சிறுவயதில் அந்த மண்டியே அவளுக்கு ஆகாமல் மூச்சு இழுத்ததாம். "எனக்கு ஏன் ஆகலை, எங்க வாப்பாவுக்கு ஏன் ஆகுதுன்னு கேக்க ஆரம்பிச்சதுதான்" என்றாள். இப்போது ஒவ்வாமை எப்படி வருகிறது என்று ஆராய்ச்சி. வத்தல் மண்டி, எண்ணெய் ஆலை, பட்டாசு ஆலை என்று நானூறு பேரின் கைகளில் குத்திப் பார்த்திருக்கிறாள்.

ஜெயச்சந்திரன் புகைப்படத்தை மேஜைமேல் வைத்தார்.

அவள் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"இது என் கையெழுத்து. வியாழக்கிழமை எழுதுனது. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் தடிப்பப் பாக்கணும், அழிக்காதீங்கன்னு சொல்லியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வரவேண்டியவர். வரலை." படத்தைக் கிட்டே இழுத்து, "இந்தக் கை ஏன் இப்படி வெளுத்திருக்கு?" என்று கேட்டாள்.

ஜெயச்சந்திரன் சொன்னார்.

வத்தல் மூட்டை எடைபோடும் சத்தம் கீழேயிருந்து வந்தது. தஹ்மீனா எழுந்துபோய் ஒரு பைலை எடுத்துவந்தாள். திறக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு எண்ணும் ஒரு பொருள். ஒரு சொட்டு வச்சு, ஊசி நுனியால லேசாக் குத்துவேன். ஆகாத பொருளா இருந்தா அந்த இடம் கொசு கடிச்ச மாதிரி தடிக்கும். அவருக்கு ஏழு தடிச்சது. ஏழு, கோதுமை."

"கோதுமையா?" பத்திரகாளி மூக்கைத் துடைத்தாள். "டாக்டரம்மா, பரோட்டா மாவும் கோதுமைதான. அந்த மனுசன் தெனம் ராத்திரி ஆறு பரோட்டா தின்னுட்டுத் தூங்குற ஆளு. ஆகாததுன்னா எப்பவோ போயிருக்கணும்."

"அதான் நானும் குழம்புனேன். ஆகஸ்டுல ஒரு கல்யாண வீட்டுல பூரி சாப்பிட்டுட்டு பஸ்ஸப் பிடிக்க ஓடியிருக்கார். மயங்கி விழுந்துட்டார். ராத்திரி சாப்பிட்டுட்டுப் படுத்தா ஒண்ணுமில்ல. வெறும் வயித்துல ஓடுனாலும் ஒண்ணுமில்ல. ரெண்டும் சேர்ந்தா மட்டும்தான்."

அவள் மேஜையில் விரலால் கோடு போட்டாள்.

"நம்ம தோல்ல, குடல்ல, மூச்சுக்குழாய்ல ஒருவகை செல் இருக்கு. உங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, மருந்து அடைச்ச வெடி. அவர் உடம்புல அதுக்கெல்லாம் கோதுமைதான் திரி. சாப்பிட்டுட்டுச் சும்மா இருந்தா அது குடலுக்குள்ளயே செரிச்சுப் போகும். ரத்தத்துக்குப் போறது கொஞ்சம்தான். ஆனா ஓடுனா, பாரம் தூக்குனா, குடலோட தடுப்பு தளர்ந்து நிறைய உள்ள போயிடுதுன்னு நினைக்கிறோம். இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. அதத்தான் தேடுறோம். போனா எல்லா வெடியும் ஒரே நேரத்துல வெடிக்கும். தொண்டை வீங்கும், ரத்த அழுத்தம் விழும். கால்மணி நேரம் போதும்."

"அப்ப விசமே இல்ல" என்றாள் பத்திரகாளி. "ஆசிக்க விட்டுருவாக. கேஸ் முடிஞ்சுது."

ஜெயச்சந்திரன் அசையவில்லை. தீ இல்லாத இடத்தில் தீ என்று சொன்ன அந்தக் குரல் அவருக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இத அவர்ட்ட எப்படிச் சொன்னீங்க டாக்டர்?"

தஹ்மீனா நிமிர்ந்தாள். அந்தக் கேள்வியை அவள் தனக்குள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"புரியுற மாதிரி சொன்னேன். பரோட்டா சாப்பிட்டா நாலு மணி நேரம் ஓடக்கூடாது. சாப்பிட்டே ஆகணும்னா ஒரு இடத்துல உக்காந்துடுங்க, எந்திரிச்சீங்கன்னா திட்டுவேன்னேன். கம்பெனியிலேயே தீப்பிடிச்சாலும் நீங்க நடந்துதான் போகணும்னு…" அவள் நிறுத்தினாள். "அவங்க ஊர் ஆளுக்கு மறக்காதுன்னுதான் அந்த உதாரணத்தைச் சொன்னேன். அவரும் சிரிச்சார்."

"கூட யாராவது கேட்டாங்களா?"

"துணைக்கு ஒருத்தர் வந்திருந்தார். அவர்தான் வண்டியில கூட்டிட்டு வந்தது."

"பேரு?"

"சொல்ல மாட்டேன்."

"ஒரு ஆள் ஜெயிலுக்குப் போகப் போறான் டாக்டரம்மா" என்றாள் பத்திரகாளி.

"தெரியுது. ஆனா இந்த நானூறு பேரும் கையக் கொடுத்தது நான் வெளிய சொல்ல மாட்டேன்னு சொன்னதாலதான். ஒடம்புல குறை இருக்குன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா மறுநாள் வேலை கிடையாது. இன்னைக்கு ஒரு பேரச் சொன்னா நாளைக்கு ஒருத்தரும் இந்தப் படியேற மாட்டாங்க. கோர்ட்டு எழுதிக் கேக்கட்டும். குடுக்குறேன்."

"கோர்ட்டு கேக்க ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றார் ஜெயச்சந்திரன். அவ்வளவுதான் சொன்னார். வற்புறுத்தவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றியது. பத்திரகாளி பேச வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

கடைசியில் தஹ்மீனாதான் பேசினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"நோயில்லாதவங்க கையையும் சோதிச்சாத்தான் ஒப்பிட முடியும். துணைக்கு வர்றவங்ககிட்டயும் கேப்பேன். அவரும் கொடுத்தார். அவருக்கும் ஒண்ணு தடிச்சது. எள். தடிச்ச எல்லாமே நோயில்ல, இத்தனை வருஷம் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலைன்னா பயப்பட வேண்டாம்னு சொன்னேன். அது அவர் காதுலயே ஏறலை. அவ்வளவு பயந்த ஒரு மனுசன நான் பாத்ததில்ல."

*

பத்திரகாளியின் மொபெட் எம். புதுப்பட்டி சேரும்போது மணி இரண்டரை. ஆசிக்கின் கடை பூட்டியிருந்தது. வேப்பமரத்தடியில் சிவபாண்டி என்ற தொழிலாளி தனியாகப் பீடி இல்லாத வாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். பட்டாசு ஆலை வாசலில் புகைக்க முடியாதே.

"சனிக்கிழமை தீன்னு கேட்டதும் யார் யார் ஓடுனீங்க?" என்று கேட்டார் ஜெயச்சந்திரன்.

"என்ன சார் கேள்வி இது? எல்லாருந்தான். இந்த ஊர்ல தீன்னா செருப்பக்கூட மாட்ட மாட்டோம். அங்கன பாதிப்பேருக்குப் பொண்டாட்டி, மிச்சப்பேருக்கு அக்கா தங்கச்சி."

"ஒருத்தர்கூட இங்க நிக்கலையா?"

சிவபாண்டி யோசித்தான். "ஏஜென்ட்டு அண்ணாச்சி நின்னாரு. நாங்க திரும்பி வர்றப்ப கை கழுவிக்கிட்டு இருந்தாரு. பாவம், நல்ல மனுசன். அடுப்ப அமத்திட்டுக் கடைக்குக் காவலா நின்னிருக்காரு."

"போன் வர்றப்ப அவர் எங்க இருந்தாரு?"

"கடைக்குப் பின்னாடி ஒதுங்கப் போயிருந்தாருன்னு நெனைக்கேன்."

"அவருக்குத் தெற்குக் கம்பெனியில யாரும் இல்லையோ?" என்று பத்திரகாளி கேட்டாள்.

"இல்லாம என்ன? அவரு மகளே அங்கனதான் லேபிள் ஒட்டுது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொற்கள் சிவபாண்டிக்கே கேட்டன. அவன் வாய் மெல்லுவதை நிறுத்தினான்.

"பெத்த மக உள்ள இருக்குறப்ப கை கழுவுனாரா?" என்றாள் பத்திரகாளி. "அம்புட்டுச் சுத்தமா?"

ஜெயச்சந்திரன் மரத்தடியில் உட்கார்ந்தார். கேள்வி கேட்கவில்லை. சிவபாண்டியின் பக்கத்தில், அவன் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு இருந்தார். சிறிது நேரத்தில் அவன் தானாகவே குரலைத் தாழ்த்தினான்.

"ஜூன் மாசம் விஸ்வநத்தத்துல ஒரு ஷெட்டு வெடிச்சுச்சுல்ல சார். மூணு பொம்பளைக போச்சு. நாலு பேரு உக்கார வேண்டிய ரூம்புல பதினொரு பேர வச்சு வேல வாங்குனது அண்ணாச்சிதான். ஷெட்டு வேறொருத்தன் பேருல. கண்ணுச்சாமி அண்ணன் நேர்ல பாத்த ஆளு. மனச மாத்த அண்ணாச்சி நயந்து பேசிப் பின்னாடியே சுத்துனாரு, மசியல. திங்கக்கெழம விசாரணையில சொல்லப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு."

"திங்கள்னா?"

"இன்னைக்கித்தான் சார்."

*

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ராக்கப்பன் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். அவர் அறையில் ஜெயச்சந்திரன் மட்டும்தான். கதவு வழியாக வெளி பெஞ்ச் தெரிந்தது. நசிமாவும் சோலைமலையும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரோரம் ஏதோ கையெழுத்துக்காக வரச்சொல்லியிருந்த மூக்கம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பரோட்டா தின்னுட்டு ஓடுனா செத்துருவான்னு எந்த செக்‌ஷன்ல சார் எழுத? சரி, டாக்டர் சொல்றாங்கன்னே வையுங்க. அது இவருக்குத் தெரியும்ங்கறதுக்கு என்ன ஆதாரம்? கை கழுவுனதா?"

"அவர் அந்த டாக்டர்ட்ட போயிருக்கார்."

"டாக்டர் பேர் சொன்னாங்களா?"

"இல்ல."

ராக்கப்பன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். நான்கு பத்து. "நாலரைக்கு வண்டி கெளம்பும்."

வெளியே பத்திரகாளி எல்லாருக்கும் டீ வாங்கி வந்திருந்தாள். நசிமா வேண்டாமென்றாள். மூக்கம்மாள் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சோலைமலை டீயை வாங்கிக்கொண்டு, அவள் நீட்டிய காராச்சேவுப் பொட்டலத்திலும் கைவிட்டார். காலையிலிருந்து அவரும் சாப்பிடவில்லை. மூன்று கை அள்ளிப் போட்டார்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"பரவால்ல. எங்க வாங்குன?"

"முக்குக் கடையில. எள்ளத் தூக்கலா அரைச்சுப் போடுவாரு. முழுசாப் போட்டாத்தான் கண்ணுக்குத் தெரியும், அரைச்சா வாசமே தெரியாது."

சோலைமலையின் தாடை நின்றது.

அவர் துப்பவில்லை. எழவில்லை. டீ கிளாஸை மிக மெதுவாக, ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோல், பெஞ்சில் வைத்தார். இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை பூத்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை.

"என்னண்ணே? என்ன செய்யுது?" நசிமா பதறி எழுந்தாள்.

"தூக்குங்க." உதடு மட்டும் அசைந்தது. "என்னையத் தூக்கிட்டுப் போங்க. ஆஸ்பத்திரிக்கு."

ராக்கப்பன் வெளியே வந்தார். "என்னய்யா ஆச்சு? ஜீப்பு வாசல்லதான் நிக்குது. வா, ஓடியா."

"ஓடக் கூடாது!" அலறல் நிலையம் முழுக்கக் கேட்டது. "நடக்க விட்றாதீக! அசைஞ்சா உள்ள போயிரும்! ஆளுக நாலு பேரு வந்து தூக்குங்க!"

யாரும் அசையவில்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டும் நிறுத்தினார்.

ஜெயச்சந்திரன் கதவோரம் நின்றார். ஒரு மனிதனுக்குள் பயத்தைப் போட்டுவிட்டு அது வேலை செய்யும்வரை காத்திருப்பது எப்படிப்பட்டது என்று அவருக்கு இப்போது தெரிந்தது. சனிக்கிழமை இதே ஆள் கடைக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்து அப்படித்தான் காத்திருந்திருப்பார். அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

"விசம் தின்னுட்டேன்னு நெனைக்கிற எவனும் ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் செய்வான். அசைஞ்சா உள்ள போயிரும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"டாக்டரம்மாதான்… வெரசாத் தூக்குங்க சார், டாக்டரம்மாதான்…"

"எந்த டாக்டரம்மா?"

சோலைமலை வாயை மூடினார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத கண்ணுச்சாமியை எந்தப் படியேற்றிக் கூட்டிப்போனார் என்பதை, பத்தடி தூரம் நடக்கப் பயந்த அவருடைய உடம்பே சொல்லிவிட்டிருந்தது.

"அதுல எள்ளு இல்ல அண்ணாச்சி" என்றாள் பத்திரகாளி. வழக்கமான கிண்டல் குரலில் வரவில்லை. "வெறும் கடலமாவு."

அதற்குப் பிறகும் அவர் ஒரு நிமிடம் அசையாமலே உட்கார்ந்திருந்தார். நம்ப முடியவில்லை. பிறகு மெல்ல நெற்றியைத் துடைத்தார். ராக்கப்பன் அவர் சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்துக்கொண்டார்.

"இதுல அழிச்சிருப்பீரு. பரவால்ல. சனிக்கெழம மத்தியானம் அந்தக் கடை போனுக்கு எந்த நம்பர்லேர்ந்து பேசுனாகன்னு போன் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டா வந்துரும். ஆசிக் போன் வந்துச்சுன்னு தலதலையா அடிச்சுக்கிட்டான். நான்தான் கேக்கல."

"நான் அவன் வாயில ஊட்டல" என்றார் சோலைமலை. "ஓடுன்னும் சொல்லல. ஒரு வார்த்த. துணிய வச்சு மூடிக்கிட்டு ஒரு வார்த்ததான் சொன்னேன். அதுக்குக் கொலைன்னா பேரு?"

ராக்கப்பன் அவர் தோளைப் பிடித்து எழுப்பினார். இப்போது நடந்தார்.

*

ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட்டிடம் போன வண்டியில் ஆசிக் இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வெளியே வந்தவன் நசிமாவைப் பார்த்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று.

மூக்கம்மாள் சுவரோரமே நின்றிருந்தாள்.

ஆசிக் அவளிடம் போனான். கிட்டே போகவில்லை. நான்கடி தள்ளி நின்றான்.

"அக்கா, அண்ணாச்சி செஞ்சதுன்னு சொல்றாக. ஆனா பரோட்டா போட்டது நான்தான். தீன்னு கத்துனதும் நான்தான்."

பத்திரகாளி ஏதோ சொல்ல முன்னே வந்தாள். ஜெயச்சந்திரன் தலையசைத்துத் தடுத்தார்.

மூக்கம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளாக அவள் யாரையும் அப்படிப் பார்க்கவில்லை.

"போன்ல என் பேரச் சொன்னானா?"

"இல்லக்கா. தெற்குக் கம்பெனின்னு மட்டுந்தான் சொன்னான்."

"நீ கத்துறப்ப சொன்னியா? மூக்கம்மா உள்ள இருக்கான்னு?"

"சொல்லலக்கா. எனக்கு அந்நேரம் ஒண்ணுமே ஓடல. தீ, தீ, தெற்குக் கம்பெனின்னு அம்புட்டுத்தான்."

சாலையில் தீபாவளி லோடு ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போகும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"அப்ப அவராத்தான் ஓடியாந்திருக்காரு" என்றாள்.

ஆசிக் அழுதுகொண்டே தலையை ஆட்டினான்.

"சாட்சி சொல்லப் போகாதீகன்னு சண்ட போட்டேன். கேக்கல. பத்து நாளா எங்களுக்குள்ள பேச்சே இல்ல, தம்பி."